இறைச்சிக்கூடக் கழிவுநீர்: காற்றூட்டத் தொட்டியா, மண்புழுப் படுகையா?

வீட்டுக் கழிவுநீரில் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) அளவு லிட்டருக்குப் பொதுவாக 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். ரத்தமும் கொழுப்பும் சாணமும் குடல் கழுவிய நீரும் கலந்து வரும் இறைச்சிக்கூடக் கழிவுநீரிலோ அது ஆயிரத்தைத் தாண்டுவது வழக்கம். இதற்கு எரிவாயுக் கலன், காற்றை ஊதி நுண்ணுயிரிகளைக் கொண்டு கழிவைச் சிதைக்கும் காற்றூட்டத் தொட்டி, மண்புழுப் படுகை என மூன்று வழிகள் பேசப்பட்டாலும், எரிவாயுக் கலனை இந்தப் போட்டியில் சேர்ப்பது பொருந்தாது. அடர்த்தியான கழிவின் பெரும்பகுதியை முதலில் குறைத்து மீத்தேன் தருவது அதன் வேலை. வெளியேறும் நீரில் அம்மோனியா மிஞ்சுவதால் அதற்குப் பின்னும் ஒரு சுத்திகரிப்பு தேவைப்படும்.

அந்த இரண்டாம் கட்டத்தில் காற்றூட்டத் தொட்டி குறைந்த இடத்தில் அடங்கும், இயக்கத் தெரிந்தவர்களும் எளிதில் கிடைப்பார்கள். ஆனால் காற்றூதிகள் இரவும் பகலும் ஓட வேண்டும், சேரும் கசட்டை நீர் பிழிந்து அகற்றும் செலவும் தீராது.

மண்புழுப் படுகை, சிலி பல்கலைக்கழகத்தில் ஹோசே தோஹா 1992இல் உருவாக்கிய முறையை ஒட்டியது. புழுக்கள் வாழும் மரச்சீவல் மேலேயும் சரளையும் கூழாங்கல்லும் கீழேயுமாக அமைத்து, மேலிருந்து கழிவுநீரைத் தெளிக்கிறார்கள். கழிவைச் சிதைப்பதில் பெரும்பங்கு நுண்ணுயிரிகளுடையதே. தேங்கும் திடப்பொருளைத் தின்று, படுகையைத் துளைத்து, அடைப்பின்றிக் காற்றோட்டத்தைக் காப்பது புழுக்களின் பங்கு. மின்சாரம் பெரும்பாலும் பம்புக்கு மட்டுமே செலவாகும். கசடு அகற்ற வேண்டிய சுமையாகாமல் எருவாகிவிடும்.

இவ்வளவு நன்மை இருந்தும் இறைச்சிக்கூடம் புழுக்களுக்கு எளிதான இடமன்று. கொழுப்பு படுகையை மூடி மூச்சடைக்கச் செய்யும். தோல் பதப்படுத்தும் உப்பும் தரை கழுவும் குளோரினும் அவற்றைக் கொல்லும். கத்திகளைக் கிருமி நீக்கப் பயன்படும் 82 பாகை செல்சியஸ் வெந்நீர் ஆறாமல் வந்து சேர்ந்தாலும் அதே கதிதான், ஏனெனில் இதற்குப் பெரிதும் பயன்படும் ஐசீனியா ஃபெடிடா புழு 35 பாகைக்கு மேல் தாங்காது. ஆகவே ரத்தத்தைத் தனியே சேகரித்து, கொழுப்பை வடித்து, நீர்வரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் சமன்தொட்டியில் நீரை ஆறவைத்த பின்பே படுகைக்கு விட வேண்டும். இந்த ஒழுங்கில்லாத கூடத்தில் காற்றூட்டத் தொட்டியும் நுரைத்துத் திணறும் என்றாலும், அதைச் சில நாள்களிலோ வாரங்களிலோ மீட்டுவிடலாம். செத்த புழுக்கூட்டம் மீண்டும் பெருக மாதங்கள் ஆகும்.

நாள்தோறும் பெருமளவில் வெட்டும், இட நெருக்கடியுள்ள நகரக் கூடத்துக்குக் காற்றூட்டமே ஏற்றது. இடமும் பொறுப்பான பணியாளரும் உள்ள சிறிய கூடத்துக்கு நான் புழுக்களையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் வெட்டு இல்லாத நாள்களில் சுத்திகரித்த நீரையே மறுபடி தெளித்துப் படுகையின் ஈரத்தைக் காக்க வேண்டும். நோய்க்கிருமிகள் முற்றிலும் அழிவதில்லை என்பதால், அந்நீரைக் கூடத்தின் தரை கழுவவோ கீரைப் பாத்திக்கோ பயன்படுத்துமுன் கிருமி நீக்கமும் செய்தாக வேண்டும்.