இரண்டு மலிவு விமானம், ஒரே புக்கிங்: பாரிஸ் – கட்விக் – ரொறன்ரோ

கட்டுநாயக்கவிலிருந்து பாரிஸ் வரைக்கும் சொல்ல ஒன்றுமில்லை, வழக்கமான வளைகுடா வழிதான். நான் எழுத வந்தது அதற்கு அப்புறமுள்ள துண்டைப் பற்றி. பாரிஸில் தங்கச்சி வீட்டுக் கல்யாணம், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் அண்ணா, நடுவில் அட்லாண்டிக். நேரடி விமானங்களின் விலையைப் பார்த்துவிட்டு, இரண்டு மலிவு விமானக் கம்பனிகளை ஒரே புக்கிங்கில் கோர்த்துத் தருகிற தளமொன்றில் அம்மாவுக்கும் எனக்கும் போட்டேன். திருகோணமலையில் கனடாவில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள், அதனால் நீட்டியே எழுதுகிறேன்.

மலிவு விமானக்காரருக்குக் கூட்டு என்றாலே முகம் சுளிக்கும். வந்திறங்கிய விமானத்தை அரை மணி நேரத்தில் திருப்பி அனுப்பினால்தான் அவர்களுக்குக் காசு, அடுத்தவனுடைய பயணிக்கும் பெட்டிக்கும் காத்து நிற்க அவர்களுக்குக் கட்டாது. ஆனால் கடல் கடக்கிற விமானம் பெரியது. நோர்வேயின் மலிவு விமானக் கம்பனி நோர்ஸ் அட்லாண்டிக்கின் போயிங் 787இல் 338 சீட், குளிர்காலத்தில் ஒரு நகரத்து ஆட்களை மட்டும் நம்பி அதை எப்படி நிரப்புவது? அதனால்தான் 2017இல் ஈஸிஜெட், நோர்வீஜியனையும் கனடாவின் வெஸ்ட்ஜெட்டையும் சேர்த்து லண்டனின் கட்விக் விமான நிலையம் வழியாக இணைப்பு டிக்கெட் விற்கத் தொடங்கியது. அதே ஆண்டு ரயன்எயார் தன் தளத்தில் எயார் யூரோப்பாவின் மட்ரிட் – அமெரிக்க விமானங்களை விற்றது. 2022இல் நோர்ஸும் ஈஸிஜெட், ஸ்பிரிட் போன்றவற்றோடு கைகோர்த்தது. இப்படியான பல கூட்டுகளுக்குப் பின்னால் கணினி வேலையைப் பார்ப்பது ஐஸ்லாந்தின் டோஹொப் என்கிற கம்பனி.

டிக்கெட்தான் கூட்டு, பெட்டி கூட்டில்லை. கட்விக்கில் இறங்கி, குடிவரவு தாண்டி, சுற்றி வரும் பெல்ட்டில் உங்கள் பெட்டியை நீங்களே தூக்கி, அடுத்த கம்பனியிடம் திரும்பக் கொடுக்க வேண்டும். நைலோன் கயிறு போட்டுக் கட்டிய அம்மாவின் சூட்கேஸ், உள்ளே நெத்தலிக் கருவாடும் மிளகாய்த்தூளும். அது வருகிற வரைக்கும் அம்மா சக்கர நாற்காலியில் இருந்தபடி, “ஏன் மகன், பெட்டி தானாப் போய்ச் சேராதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நியாயமான கேள்விதான். இதில் இன்னொன்று, சக்கர நாற்காலி உதவியை இரண்டு கம்பனியிடமும் தனித்தனியாகப் பதிய வேண்டும், ஒன்றிடம் சொன்னது மற்றதுக்குப் போகாது.

எல்லைக்கு வெளியே வந்து உள்ளே போக வேண்டும் என்பதால் நம்முடைய இலங்கை பாஸ்போட் இங்கேதான் இடிக்கும். பிரித்தானியாவில் விமானம் மாறுவதற்கே இலங்கையர்களுக்கு விசா வேண்டும், செங்கன் (ஒரே விசாவில் போகிற ஐரோப்பிய நாடுகள்) விமான நிலையங்களிலும் அப்படித்தான். செல்லுபடியான கனடா விசாவோ அமெரிக்க விசாவோ இருந்தால் விலக்கு உண்டு, அப்போதும் பிரித்தானியாவை மறுநாள் முடிவதற்குள் விட்டுப் போக வேண்டும். எங்களிடம் கனடா விசா இருந்தது. இருந்தும் பாரிஸ் கவுண்டரில் இருந்த பிள்ளை பாஸ்போட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, யாருக்கோ போன் எடுத்து, எங்கள் பின்னால் நின்ற வரிசை பெருமூச்சு விடத் தொடங்கிய பிறகுதான் போர்டிங் பாஸ் அடித்தார். விற்ற தளம் இந்த விசாக் கதையை எங்கேயோ அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு இதில்தான் கோபம்.

பாரிஸ் விமானம் பிந்தியது, ரொறன்ரோ விமானம் போய்விட்டது. முதல் கம்பனி எங்களைத் தளத்திடம் அனுப்பியது, இரண்டாவது கம்பனி முதல் கம்பனியிடம் அனுப்பியது. நான் கூடுதல் காசு கொடுத்து எடுத்த ‘இணைப்புப் பாதுகாப்பு’ மட்டும் சொன்னபடி வேலை செய்தது: மறுநாள் விமானத்தில் இடம், இரவுக்கு ஹோட்டல். சாப்பாட்டுக்கு அலைந்தது வேறு கதை. அந்த ஹோட்டல் அறை இன்னும் கருவாடு மணக்கும் என்று நினைக்கிறேன்.

விமானம் பிந்தினால் நட்டஈடு தரச் சொல்கிற ஐரோப்பியச் சட்டம் 261இன்படி, ஒரே முன்பதிவாக இருந்தால் தாமதத்தைக் கடைசி இடத்தை வைத்துத்தான் கணக்கெடுப்பார்கள், 3 மணி நேரத்துக்கு மேல் பிந்தினால் தூரப் பயணத்துக்கு 600 யூரோ வரை கிடைக்கலாம். எங்களுடையதுபோல இரண்டு தனி ஒப்பந்தங்களை ஒரே புக்கிங்காகக் காட்டி விற்றால் அந்தக் கணக்கு உடைந்துவிடலாம், அப்போது ஒவ்வொரு விமானமும் தன் தாமதத்துக்கு மட்டுமே பொறுப்பு. பிந்தியது பாரிஸ் – லண்டன் என்கிற குட்டித் துண்டு, அதுவும் 3 மணி நேரத்துக்குக் குறைவு. ஆக எங்களுக்கு ஒரு சதமும் இல்லை.

கம்பனிகளின் ஆயுளையும் பாருங்கள். அட்லாண்டிக் கடந்த மலிவுக் கம்பனிகளில் பிரைமேரா 2018 ஒக்டோபரில் மூடப்பட்டது, வாவ் 2019 மார்ச்சில், பிளே 2025 செப்டெம்பரில். நோர்வீஜியனும் அமெரிக்காவின் ஜெட்புளூவும் 2019இல் கூட்டு அறிவித்தன, 2021 ஜனவரியில் நோர்வீஜியன் தூரப் பயணத்தையே விட்டுவிட்டது. ஆறு மாதத்துக்கு முன்னரே டிக்கெட் போடுகிற பழக்கமுள்ளவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். கடன் அட்டையில் கட்டினால் காசைத் திருப்பிக் கேட்கவாவது ஒரு வழி இருக்கும்.

விலை உண்மையிலேயே குறைவு, அதை மறைக்கவில்லை. ஆனால் பெட்டிக்கு, சீட்டுக்கு, சாப்பாட்டுக்கு, பாதுகாப்புக்கு என்று இரண்டு கம்பனிக்கும் கட்டிக் கூட்டிப் பார்த்தால் நேரடி விமானத்தோடு இருந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. முதுகுப் பையோடு மட்டும் திரிகிற, கனடா பாஸ்போட் உள்ள என் மருமகனுக்கு இந்தச் சேவை 5க்கு 4. அம்மாவோடும் இரண்டு சூட்கேஸோடும் போன எனக்கு 2, அந்த 2உம் இணைப்புப் பாதுகாப்புக்காக.