பாஸ் தூண்டில் செட்டும் கொங்குக் குளத்து விராலும்: ஒரு மதிப்பீடு

கோயம்புத்தூர், ஈரோடு வட்டாரத்தில் தூண்டில் சாமான் விற்கும் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் 'பாஸ் ஃபிஷிங் செட்' என்ற பெயரில் ஒரு பெட்டி பரவலாகக் கிடைக்கிறது. இரண்டு துண்டாகக் கழற்றிப் பூட்டக்கூடிய 7 அடி மீடியம் ஹெவி (சற்று விறைப்பான) ராடு என்னும் தூண்டில் கோல், நூல் சுற்றும் 4000 அளவு ஸ்பின்னிங் ரீல், 100 மீட்டர் பின்னல் நூல், ரப்பர்த் தவளைகள், பிளாஸ்டிக் மீன் உருவங்கள் சில என்று எல்லாம் அதிலேயே இருக்கின்றன. நான் வாங்கியபோது 4,500 ரூபாயைத் தொட்டது. ஒரு கோடையும் அதைத் தொடர்ந்த மழைக்காலமும் கீழ்பவானி வாய்க்காலின் கசிவுநீர்க் குட்டைகளிலும் காவிரிக் கரையிலும் இதைப் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம், ஒரே அச்சில் வார்த்த சாமான்தான் வேறு வேறு பெயர் ஒட்டிக்கொண்டு வேறு வேறு விலைக்கு வருகிறது என்பதே. அட்டையில் உள்ள பெயரை நம்புவதைக் காட்டிலும் பொருளைக் கையில் எடுத்துச் சோதித்து வாங்குவதுதான் இங்கே பயன்படும்.

பாஸ் மீன் நம் குளங்களில் கிடையாது. அது வட அமெரிக்க நன்னீர் மீன். பிறகு ஜப்பானுக்கும் கொண்டுபோகப்பட்டது. 1932-இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிடிபட்டதும், 2009-இல் ஜப்பானின் பீவா ஏரியில் பிடிபட்டதும்தான் இன்றுவரை உலக சாதனைப் பதிவில் உள்ள மிகப் பெரிய பாஸ் மீன்கள். இரண்டும் 10 கிலோவைச் சற்றே தாண்டியவை. அந்த மீனை நினைத்துச் செய்த கருவிகளை நாம் விராலுக்குப் பயன்படுத்துகிறோம். இரண்டும் கொடி, மரக்கட்டை, நிழல் ஆகியவற்றின் மறைவில் அசையாமல் நின்று, அருகில் வரும் இரையைப் பாய்ந்து பிடிப்பவை என்பதால் இந்த மாற்றம் பெரும்பாலும் எடுபடுகிறது. ஆனால் பாஸ் தன் அகன்ற வாயால் இரையை நீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்கிறது. விராலோ பல்லால் கவ்வுகிறது. அதன் தாடை எலும்பும் கடினமானது. செட்டில் எது உதவும், எது உதவாது என்பதை இந்த ஒரு வேறுபாடே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது.

ராடைப் பற்றி நல்லவிதமாகவே சொல்ல வேண்டும். நுனி சற்றே வளைந்துகொடுத்து, நடுப்பகுதிக்குக் கீழே விறைப்பாக நிற்பதால், 15 கிராம் தவளையை முழுவீச்சில் எறியவும், ஆகாயத்தாமரைக்குள் தலையைச் செருகும் விராலை வெளியே இழுக்கவும் போதுமான பலம் இருக்கிறது. நம் குட்டைகளில் கிடைக்கும் ஒன்றிரண்டு கிலோ விரால் எடையால் ராடை முறித்துவிடப் போவதில்லை. மீனோடு சேர்ந்து வரும் கொடிகளின் சுமைதான் ராடைச் சோதிக்கிறது. வாங்கும்போது பார்க்க வேண்டியது நூல் ஓடும் வளையங்களை. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் ஒருமுறை சுற்றித் துடைத்தால், வெடிப்பு இருக்கும் இடத்தில் பஞ்சு இழை சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கும் வளையம் பின்னல் நூலைச் சில வாரங்களில் அரித்துவிடும். கடையில் எனக்கு முதலில் எடுத்துக் கொடுத்த ராடின் நுனி வளையத்தில் பஞ்சு சிக்கியது. கடைக்காரர் முகம் சுளிக்காமல் வேறு ராடு கொடுத்தார். இணையத்தில் வாங்கினால் இந்த வசதி இல்லை.

ரீலைப் பற்றிப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது பால் பேரிங்குகளின் எண்ணிக்கை. அதைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. நன்றாகச் செய்த நான்கு பேரிங், மட்டமான பன்னிரண்டைவிட மேல். "ஏனுங்ணா, இது விராலுக்குத் தாங்குமுங்களா?" என்று கேட்டால், "அஞ்சு கிலோ மாட்டுனாலும் அசையாதுங்க தம்பி" என்றுதான் எந்தக் கடையிலும் பதில் வரும். கேட்பதற்குப் பதில் கைப்பிடியைப் பின்பக்கமாகத் திருப்பிப் பார்க்கலாம்: துளியும் ஆடாமல் நின்றால் நல்லது, கால் சுற்று ஆடி 'டக்' என்று நின்றால் மீன் வாயில் தூண்டில் முள்ளை இழுத்துக் குத்தும் வேளையில் அந்த ஆட்டமே மீனைத் தப்பவிடும். இந்தச் செட்டின் ரீல் முதலில் உறுதியாக நின்றது. மழைக்காலம் முடியும்போது இலேசான ஆட்டம் தெரிந்தது. இந்த விலைக்கு அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

குறை நூலில் இருக்கிறது. 30 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 13.5 கிலோ தாங்கும் என்று அச்சிட்டிருந்த நூல் முடிச்சுப் போட்ட இடத்தில் எளிதாக அறுந்தது. நான்கு இழை நூலா எட்டு இழை நூலா என்ற குறிப்பும் பெட்டியில் இல்லை. அதைக் கழற்றிவிட்டு, பெயர் பெற்ற நிறுவனத்தின் 40 பவுண்டு நூலைத் தனியாக வாங்கிச் சுற்றுவதே சரி. பழைய தங்கூசி நரம்பே, அதாவது ஒற்றை இழை நைலான் நூலே, போதும் என்பவர்களும் உண்டு. மண்புழு கோத்து, தக்கை கட்டி ஜிலேபியும் கெண்டையும் பிடிக்க அதைவிட நல்லது கிடையாதுதான். ஆனால் நரம்பு இழுத்தால் நீளும், 20 மீட்டருக்கு அப்பால் கவ்விய விராலின் கடினமான தாடையில் முள் ஏறுவதற்குள் இழுப்பின் வேகம் பாதி கரைந்துவிடும். பின்னல் நூல் நீளாது. சுற்றும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: வழுவழுப்பான உருளையின் மேல் பின்னல் நூலை நேரடியாகக் கட்டினால், பாரம் விழும்போது மொத்தச் சுற்றும் சேர்ந்து வழுக்கும். அடியில் பத்துப் பன்னிரண்டு சுற்று நரம்பு சுற்றி, அதன்மேல் இதைக் கட்ட வேண்டும். தவளையைக் கட்டுவதற்கு, நூலை இரட்டையாக மடித்துக் கண்ணில் நுழைத்துப் போடும் பாலோமர் முடிச்சே இந்த நூலுக்குப் பொருத்தமானது.

இனி தவளை. செட்டின் உயிரே இதுதான். உள்ளே வெற்றிடமாக இருக்கும் மென்மையான ரப்பர் உடல், அதன் முதுகை ஒட்டி மேல்நோக்கி வளைந்த இரட்டை முள், பின்னால் கால்களாக ரப்பர் நூல் குஞ்சம். முள் உடலோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அல்லி இலையின் மேலும் ஆகாயத்தாமரை மேலும் சிக்காமல் வழுக்கி வருகிறது. மீன் கவ்வியதும் உடல் நசுங்கி முள் வெளிப்படுகிறது. இந்த ஏற்பாடு முழுவதும் உடலின் மென்மையை நம்பியிருக்கிறது. ஆகவே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு இலேசாக நசுக்கிப் பார்க்க வேண்டும். முள்முனை இரண்டும் உடனே வெளியே தெரியாவிட்டால் அந்தத் தவளை அலமாரியில் வைத்து அழகு பார்க்க மட்டுமே ஆகும். செட்டில் வந்தவற்றில் ஒன்று நல்ல மென்மை, மற்றது சைக்கிள் டயர்.

நல்லதையும் பெட்டியிலிருந்து எடுத்தபடியே வீசக் கூடாது. முள்முனைகளைக் குறட்டால் பிடித்து மயிரிழை அளவுக்கு மேலே தூக்கிவிட்டால் கவ்வும் மீன்களில் மாட்டுபவை கூடுகின்றன. கால் குஞ்சத்தில் ஒரு பக்கத்தைச் சற்றுக் குட்டையாக நறுக்கினால், ராடின் நுனியைத் தட்டும்போது தவளை இடமும் வலமும் திரும்பி நடக்கும். முள் நுழையும் துளை வழியாக சைக்கிள் பேரிங் குண்டு இரண்டைப் போட்டால் எறியும் தூரம் கூடுவதோடு, கலங்கல் நீரில் விராலுக்குக் கேட்கும்படி உள்ளே ஒரு சத்தமும் உண்டாகிறது. விராலின் பல் உடலைக் கிழித்து, நீர் புகுந்து தவளை அமிழத் தொடங்குவது இயல்பு. அவ்வப்போது நசுக்கி நீரை வெளியேற்றிவிட்டு, வீட்டில் உலர்த்தி உடனடிப் பசையை ஒரு சொட்டு வைத்து அடைத்தால் மேலும் சில வாரம் உழைக்கும். முள்ளின் பலத்தைப் பற்றி எனக்கு இன்னும் ஐயம் இருக்கிறது. பெரிய மீன் ஒன்றின் இழுப்பில் ஒரு முள் நிமிர்ந்துவிட்டது. ஆகவே தவளையை மட்டும் சற்று விலை கூடியதாகத் தனியே வாங்குவதையே பரிந்துரைப்பேன்.

கவ்வியவுடன் இழுப்பது பலருக்கும் கைப்பழக்கம். தவளைக்கு அது ஆகாது. நீர் மேலே எழும்பிச் சத்தம் கேட்டதும் ராடின் நுனியைத் தாழ்த்தி, ஒன்று இரண்டு எண்ணி, தளர்ந்த நூலைச் சுற்றி இறுக்கி, மீனின் பாரம் கையில் உணர்ந்த பிறகே ஓங்கி இழுக்க வேண்டும். செட்டிலுள்ள பிளாஸ்டிக் மீன் உருவங்களைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. மூன்று முள் கொத்து தொங்கும் அவை, கொடி மண்டிய நம் குட்டைகளில் இரண்டாவது எறியிலேயே சிக்கிக்கொள்ளும்.

படகு வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள்; செட்டோடு சேர்த்துக் காற்றடைக்கும் படகையும் சில கடைகள் தள்ளுபடியில் தருகின்றன. விராலுக்குப் படகு தேவையில்லை. அது கரையை ஒட்டிய கோரை, சம்பு, அல்லி ஓரங்களில்தான் பெரும்பாலும் கிடக்கும். காற்றடைக்கும் படகுக்கு நம் ஏரிகளில் இன்னொரு பகையும் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் வறண்டு கிடந்த ஏரிப் படுகைகளில் சீமைக்கருவேலம் காடாக வளர்ந்து, நீர் வந்ததும் அப்படியே மூழ்கியிருக்கிறது. அந்த முள்ளுக்கு முன்னால் எந்தப் படகின் அடித்தோலும் நிற்காது. பழகிய கைக்குப் பரிசல்தான் இந்த நீருக்கு ஏற்றது. ஆனால் பரிசலில் நின்றபடி ராடு வீச முடியாது. உட்கார்ந்து வீசினாலும் மிதவை அங்கி இல்லாமல் வீசக் கூடாது.

பெரிய அணைகளுக்கு இந்தச் செட்டை எடுத்துக்கொண்டு நேரே போய் நிற்பதற்கு முன் விசாரிக்க வேண்டும். பவானிசாகர், ஆழியாறு, அமராவதி, திருமூர்த்தி ஆகிய அணைகளின் மீன்வளம் தமிழ்நாடு மீன் வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் வந்தது; அங்கே அனுமதியின்றித் தூண்டில் போடுவது வழக்கில் முடியலாம். அமராவதி நீர்த்தேக்கத்தில் முதலைகள் இயற்கையாகவே வாழ்கின்றன. பவானிசாகரின் காட்டுப்பக்கக் கரை சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டியது, யானைகள் நீர் குடிக்க இறங்கும் இடம். திருப்பூர் நஞ்சராயன் குளமும் ஈரோடு வெள்ளோடு ஏரியும் பறவைகள் சரணாலயங்கள் என்பதால் அவற்றை மறந்துவிடுவது நல்லது. ஊர்க் குளங்களில் மீன்பாசி குத்தகை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, எடுத்தவர் ஒருவர் இருப்பார். அவரைக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை, ஏனெனில் அவர் விட்டிருக்கும் கட்லா, ரோகு குஞ்சுகளை விரால் தின்கிறது.

எனக்கு மிகவும் கைகொடுத்தவை கீழ்பவானி வாய்க்காலின் கீழ்ப்பக்கக் கசிவுநீர்க் குட்டைகள். பவானிசாகரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடி 2,07,000 ஏக்கருக்குப் பாயும் இந்த வாய்க்காலில் வழக்கமாக ஆகஸ்டு நடுவில் தண்ணீர் திறப்பார்கள். அதன்பின் சில வாரங்களில் பள்ளங்களில் நீர் ஏறி, குட்டைகள் பரந்து, மீன் சிதறிவிடும்; அப்போது அலைய வேண்டியிருக்கும். பங்குனி, சித்திரையில் நீர் வற்றி, மிச்சமிருக்கும் கொடித் திட்டைச் சுற்றியே மீன் நெருங்கி நிற்கும். காலை எட்டு மணிக்குள் தவளையை அந்தத் திட்டின் மேல் எறிந்து, விளிம்பில் இறக்கி, நிறுத்திவைத்தால் போதும். விரால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன் ஆதலால், மூச்சுக்கு மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிச் செல்லும். அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டால் இடம் தெரிந்துவிடும். மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் ஒன்று நீர்மேல் நுரைபோல் நகர்ந்தால், அதன் அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கின்றன என்று பொருள். அவை எதையும் பாய்ந்து கவ்வும் என்பதற்காக அங்கே தவளையை எறிபவர்கள் இருக்கிறார்கள். பெற்றவற்றைத் தூக்கிவிட்டால் அன்று மாலைக்குள் குஞ்சுகளைக் கெண்டையும் கொக்கும் தீர்த்துவிடும்.

2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு அவிநாசித் திட்டத்தில், பவானியின் உபரிநீர் 1.5 டிஎம்சி, காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து ஏற்றப்பட்டு, 1,045 குளங்குட்டைகளுக்குப் போகிறது. அன்னூர், அவிநாசி, பெருந்துறைப் பக்கம் நீண்ட காலம் வெறுந்தரையாகக் கிடந்த குளங்களில் இப்போது நீர் நிற்கிறது. அங்கே ஜிலேபியும் கெளுத்தியும் முதலில் தலைகாட்டும். விரால் தூண்டிலுக்குத் தகுந்த அளவு வளர இன்னும் சில மழை பெய்ய வேண்டும் என்பதால், அந்தக் குளங்களுக்கு இப்போதைக்கு இந்த ராடைவிடத் தங்கூசியும் மண்புழுவும் எடுத்துப் போவதே சரியாக வரும்.