தேக்காவுக்கு ஏற்ற சட்டைப்பை கேமரா: ரிக்கோ ஜிஆர் 3

சிங்கப்பூரின் தேக்கா என்னும் லிட்டில் இந்தியாவில், பஃபலோ ரோட்டுப் பூக்கடை முன்னால் நின்று பெரிய கேமராவைத் தூக்கிப் பாருங்கள். பூக்கட்டுபவரின் கை நின்றுவிடும். பக்கத்துக் காய்கறிக்கடைக்காரர் சிரித்துக்கொண்டு விறைப்பாக நிற்பார். படம் போச்சு. ரிக்கோ ஜிஆர் 3 இப்படிப்பட்ட இடத்துக்காகவே செய்ததுபோல இருக்கிறது. பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 257 கிராம்தான். ஷட்டர் சத்தம் சந்தை இரைச்சலில் கேட்கவே கேட்காது. ஆனால் சின்னதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இதை வாங்க வேண்டாம்; கைபேசியும் சின்னதுதான். வாங்குவதென்றால் ஸ்னாப் ஃபோகஸுக்காக வாங்குங்கள்.

ஸ்னாப் ஃபோகஸில் கேமரா எதையும் தேடுவதில்லை. 1, 1.5, 2, 2.5 மீட்டர் என்று தூரத்தை நாமே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறோம். மெனுவில் ஃபுல் பிரெஸ் ஸ்னாப் என்பதையும் போட்டுவைத்தால், பட்டனைப் பாதி அழுத்தும்போது வழக்கமான ஆட்டோஃபோகஸ், ஒரே மூச்சாக அழுத்தினால் அந்த நொடியே சொன்ன தூரத்தில் படம். இதன் லென்ஸ் 18.3 மிமீ, அதாவது ஃபிலிம் கணக்கில் 28 மிமீ. அதனால் எஃப்8இல் (எஃப் எண் லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும்) 2 மீட்டர் என்று வைத்தால் சுமார் 1 மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை எல்லாம் கூர்மையாக விழும். எஃப்5.6 என்றால் 1.2 முதல் 6 மீட்டர். எஃப்2.8க்கு இறங்கினால் 1.5 முதல் 3 மீட்டர் மட்டுமே. மூன்று கணக்கையும் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. மங்கலாக வந்த படங்களில் பெரும்பாலானவை, பகலில் வைத்த தூரத்தை மாற்றாமல் ராத்திரி எஃப்2.8இல் சுட்டவையாகத்தான் இருக்கும்.

தூரத்தைக் கண்ணால் அளக்கப் பழக வேண்டும். கையை நீட்டி அதற்கு மேல் ஒரு எட்டு என்றால் ஏறக்குறைய 1.5 மீட்டர், கேமராவைப் படுக்கையாகப் பிடித்தால் ஆள் தொடைவரை விழுவார். 2 மீட்டரில் நிமிர்த்திப் பிடித்தால் முழு ஆளும், காலுக்குக் கீழே கொஞ்சம் தரையும் அடங்கும். ஐந்தடிப் பாதையில், அதாவது கடைகளின் முன்னால் கூரைக்குக் கீழே போகும் நடைபாதையில், எதிரே வருபவர் நம்மைக் கடப்பதற்கு முன் இருக்கும் இடைவெளி பெரும்பாலும் இந்த இரண்டுக்குள்தான். 28 மிமீ அகலம் அதிகம், 40 வேண்டும் என்பவர்களுக்கு 2021இல் வந்த ஜிஆர் 3எக்ஸ் இருக்கிறது. அது முகத்துக்கு நல்லது. ஆனால் அதே எஃப்8, 2 மீட்டருக்கு அதில் 1.4 முதல் 3.8 மீட்டர்வரைதான் கூர்மை. தேக்கா நெரிசலுக்கு 28தான் கைகொடுக்கும்.

வெளிச்சம்தான் இங்கே பெரிய தலைவலி. சாலையில் சுள்ளென்ற வெயில், இரண்டடி உள்ளே ஐந்தடிப் பாதையில் இருட்டு. வெயிலில் எஃப்8க்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100இல் 1/400 நொடி ஷட்டர் போதும்; அதே எஃப்8இல் நிழலுக்குள் ஐஎஸ்ஓ 1600, 1/250வரை போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் திருகிக்கொண்டிருக்க முடியாது. ஏவி முறை (துவாரம் நம் கையில், வேகம் கேமராவின் பொறுப்பு), எஃப்8, ஐஎஸ்ஓ தானியங்கி, உச்சவரம்பு 6400, குறைந்தபட்ச ஷட்டர் 1/250 என்று அமைத்து, நம் அமைப்புகளைச் சேமிக்கும் இடமான யு1இல் சேமித்துவிடலாம். யு2இல் ராத்திரிக்கு எஃப்4, உச்சவரம்பு 6400, ஷட்டர் 1/100. கடைப் பெயர்ப்பலகை விளக்குகள் பல 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தோடு துடிக்கின்றன. 1/500, 1/1000 என்று வேகம் வைத்தால் ஒரு படத்தில் பலகை எரியும், அடுத்ததில் அணைந்ததுபோல் இருக்கும். 1/100ஐவிட வேகமாகப் போகாமல் இருந்தால் இந்தத் தொல்லை வராது.

பெருமாள் கோயிலிலிருந்து தைப்பூசக் காவடிகள் கிளம்பும் இரவுக்கு இந்தக் கேமரா போதுமா? பாதி போதும். உள்ளே ஃபிளாஷ் கிடையாது, இருட்டில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். எஃப்4, 2 மீட்டர் ஸ்னாப் வைத்தால் 1.4 முதல் 3.8 மீட்டர்வரை கிடைக்கும், அதற்குள் காவடி வரும்போது அமுக்க வேண்டும். மூன்று அச்சு ஆட்டத்தடுப்பு இருக்கிறதே என்று ஷட்டரைக் குறைத்துவிடக் கூடாது. அது நம் கை நடுக்கத்தை அடக்கும். ஆடுபவரின் காலை நிறுத்தாது.

கோபுரம், கட்டடம் எடுக்க வந்தவர்கள் முதலில் ஏமாறுவார்கள். வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் நின்று அண்ணாந்து சுட்டால் கோபுரம் பின்பக்கம் சாய்ந்துவிடும். எதிர்ப்பக்க ஐந்தடிப் பாதைக்குப் போய் கேமராவை மட்டமாகப் பிடியுங்கள். படத்தின் கீழ்ப்பாதி முழுக்க சாலையும் பேருந்தும்தான் இருக்கும், கவலை வேண்டாம். 2.4 கோடி பிக்சலில் கீழ்ப்பாதியை வெட்டி எறிந்தாலும் 1.2 கோடி மிஞ்சும். கோபுரம் கிழக்குப் பக்கமாகச் சாலையைப் பார்த்து நிற்பதால் காலை வெயில் முகத்தில் விழும். சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, 1 மணியளவில். அந்த நேரத்தில் சுதைச் சிற்பங்களின் கண்களுக்குக் கீழே கரிய நிழல் கட்டிவிடும். மாறாக, கெர்பாவ் ரோட்டில் 1900இல் கட்டிய பல வண்ண டான் டெங் நியா வீட்டுக்கு மேகமூட்டம்தான் நல்லது. வெயிலில் அந்த வண்ணங்கள் வெளிறிப்போகும். தோ பாயோ லோரோங் 6இன் விளையாட்டுத்தள டிராகனுக்குக் குனிந்து, மணலுக்கு ஒரு சாண் மேலே கேமராவை வைத்தால் பின்னணியில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக் நிமிர்ந்து நிற்கும். திரை மடங்காது, ஆகவே முட்டி போடத்தான் வேண்டும். வ்யூஃபைண்டரும் இல்லை. மதிய வெயிலில் திரை வெளிச்சத்தைக் கூட்டினாலும் பாதி ஊகத்தில்தான் சட்டம் கட்டுவோம்.

இனி இதன் நிஜமான பகை: நம் ஊர்க் காற்று. உடம்புக்குள் நீரும் தூசியும் நுழையாமல் தடுக்கும் சீல் எதுவும் இதில் இல்லை. லென்ஸ் நீண்டு சுருங்கும்போது காற்றை உறிஞ்சும், அதோடு தூசியும் போகும். கால்சட்டைப் பையில் வெறுமனே போட்டால் துணிப்பஞ்சு சென்சாரில் போய் உட்கார்ந்துவிடும். லென்ஸைக் கழற்ற முடியாததால் ஊதித் தள்ளவும் வழியில்லை. தூசியை உதறும் அதிர்வு வசதி உண்டு, ஒட்டிக்கொண்ட துகளுக்கு அது பயன்படாது. பிறகு சர்வீஸ் மையம்தான். ஐந்து வெள்ளிப் பையானாலும் சரி, உள்ளே பஞ்சு பிரியாத, வாய் மூடும் பை ஒன்று வேண்டும்.

அடுத்தது பனிப்படலம். வெளியே 30 டிகிரியும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் நீர் படியும். எம்ஆர்டியின் குளிரில் அரை மணி நேரம் இருந்த கேமரா அப்படிப்பட்ட பொருள்தான். ரயிலை விட்டு இறங்குவதற்கு முன்பே ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, வெளியே வந்து பத்து பதினைந்து நிமிடம் கழித்து எடுங்கள். துணியால் துடைத்துக்கொண்டே இருந்தால் மறுபடி மறுபடி படியும். வீட்டில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கும் உலர்பெட்டி அவசியம். அலமாரியில் தோலுறைக்குள் வைத்தால் பூஞ்சைக்கு நாமே சோறு போடுகிற மாதிரி.

பேட்டரி ஒன்றுக்கு நிறுவனம் சொல்வதே சுமார் 200 படம். கூடுதலாக இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி-சி இருப்பதால் கோப்பி குடிக்கும் நேரத்தில் பவர்பேங்கில் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். கார்டை மறந்துவிட்டாலும் உள்ளே 2 ஜிபி நினைவகம் உண்டு. 6 செமீ நெருக்கத்தில் எடுக்கும் மேக்ரோவைச் சும்மா விட்டுவிடாதீர்கள். மல்லிகைச் சரத்தின் முடிச்சு, வெற்றிலை நரம்பு எல்லாம் அழகாக வரும்.

ஃபியூஜி எக்ஸ்100விஐயோடு ஒப்பிடுவார்கள். அதில் 4 கோடி பிக்சல், வ்யூஃபைண்டர், எஃப்2 லென்ஸ், எல்லாம் உண்மை. எடை 521 கிராம் என்பதும் உண்மை. கழுத்தில் தொங்கும் அது, பையில் கிடக்கும் இது. புளோக் கீழ்த்தளத்தில் சதுரங்கம் ஆடும் பெரியவர்கள் நிமிர்ந்து பார்ப்பது அதைத்தான்.

பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழையது தேடுபவர்கள் கடையிலேயே இதைச் செய்து பாருங்கள்: எஃப்16 வைத்து, ஃபோகஸை முடிவிலிக்குத் தள்ளி, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். சாம்பல் நிறத்தில் மங்கிய வட்டப்புள்ளிகள் தெரிந்தால் அது சென்சார் தூசி. எஃப்2.8இல் எடுத்துக் காட்டி “சுத்தமாத்தான் இருக்கு” என்பார்கள். அந்தத் துவாரத்தில் தூசி தெரியாது. பிறகு கைபேசி விளக்கை லென்ஸுக்குள் சாய்வாக அடித்து நூல்போன்ற வெள்ளைக் கிளைகள் (பூஞ்சை) இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.