முன்னாள் படையினரின் கல்யாண பேண்ட், நுவரெலியா

இராணுவ பேண்டில் இருந்து ஓய்வுபெற்ற ஆறு பேர்: இரண்டு ட்ரம்பெட், ட்ரொம்போன், யூஃபோனியம் (கனத்த குரலுள்ள பித்தளை வாத்தியம்), இரண்டு டிரம். கோயில் ஏற்றத்திலும் தாளம் பிசகவில்லை. வில்லங்கம் சுருதிதான். விடியற்குளிரில் பித்தளை இறங்கிப் பேசும். குழலுக்குள் காற்று 10 பாகை குளிர்ந்தால் அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட மூன்றிலொரு பங்கு போய்விடும். இவர்கள் பெட்டியைத் திறந்ததும் ஊதவில்லை. பத்து நிமிடம் சத்தமில்லாமல் மூச்சை விட்டுச் சூடாக்கி, பிறகுதான் சுருதி சரிசெய்யும் இழுகுழலான ட்யூனிங் ஸ்லைடைத் தொட்டார்கள். வால்வும் ஒட்டவில்லை.

நாதஸ்வரத்தோடு சேர்க்கிறீர்களா? இரண்டரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு) நாயனமாகப் பாருங்கள். பீ ஃப்ளாட் ட்ரம்பெட்டுக்கு அது எஃப் ஸ்கேல், சுளுவு. இரண்டு கட்டை என்றால் நாலு ஷார்ப், அதாவது அரைச்சுரம் ஏற்றி ஊதவேண்டிய நாலு சுரம்; விரல் தடுமாறும். சிறிய மண்டபத்துக்குள் பேஸ் டிரம் காதைப் பிளக்கும், வாசலிலேயே நிறுத்துங்கள். கெட்டிமேளத்தை மட்டும் மேளக்காரருக்கே விட்டுவிடுங்கள்.