வட்டாக வருமா? பழைய ஹாலிவுட் படங்களுக்காகப் பதினைந்து ஆண்டுக் காத்திருப்பு

பழைய ஹாலிவுட் படங்களை வட்டுகளாக வாங்கிச் சேர்க்கும் பழக்கம் எனக்கு 2010இல் தொடங்கியது. அந்த ஆண்டுதான் லியோ மெக்கேரி இயக்கிய 'மேக் வே ஃபார் டுமாரோ' படத்தைக் கிரைட்டீரியன் நிறுவனம் அமெரிக்காவில் டிவிடியாக வெளியிட்டது. 1937இல் பாரமவுன்ட் தயாரித்த படம் அது. வங்கிக் கடனில் வீட்டை இழந்துவிட்ட முதிய தம்பதியை ஒன்றாக வைத்துக்கொள்ள ஐந்து பிள்ளைகளில் எவரும் முன்வராததால், தாய் ஒரு மகன் வீட்டுக்கும் தந்தை ஒரு மகள் வீட்டுக்குமாகப் பிரிக்கப்படுவதே கதை. படம் வசூலில் தோற்றது. மெக்கேரி பாரமவுன்ட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அதே ஆண்டில் கொலம்பியாவுக்காக அவர் எடுத்த 'தி ஆஃபுல் ட்ரூத்' என்ற நகைச்சுவைப் படத்துக்குச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் கிடைத்தபோது, விருது தவறான படத்துக்குத் தரப்பட்டிருக்கிறது என்ற பொருள்பட அவர் பேசினார்.

அந்த வட்டை என் தாயாருடன் அமர்ந்து பார்த்தேன். ஆங்கிலம் அரைகுறையாகவே புரியும் அவர், ரயில் நிலையத்தில் அந்த இருவரும் விடைபெறும் கடைசிக் காட்சி முடிந்த பிறகு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த அம்மாவுக்கு என்ன வயது இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். எழுபது வயதுத் தாயாக நடித்த பியூலா பாண்டி அப்போது ஐம்பதைக்கூடத் தொட்டிருக்கவில்லை என்று சொன்னேன், அவர் நம்பவில்லை. இப்படியொரு படம் எழுபது ஆண்டுகளுக்கும் மேல் டிவிடிக்காகக் காத்திருந்தது என்றால், இன்னும் எத்தனை படங்கள் எங்கெங்கே கிடக்கின்றனவோ என்ற எண்ணம் அன்று என்னைப் பற்றிக்கொண்டது.

இத்தகைய படங்களைத் தேடுபவர்களுக்கு முதலில் வழி திறந்தது, வார்னர் நிறுவனம் தன் பழைய படங்களை வட்டுகளாக விற்கும் பிரிவான வார்னர் ஆர்கைவ் என்று உறுதியாகச் சொல்வேன். 2009 மார்ச் மாதம் 150 படங்களுடன், ஒன்று 19.95 டாலர் என்ற விலையில் அது தொடங்கப்பட்டது. ஆயிரக்கணக்கில் வட்டுகளை முன்கூட்டியே அச்சிட்டுக் கிடங்கில் அடுக்காமல், ஒருவர் பணம் செலுத்திய பிறகே அவருக்கென ஒரு வட்டில் படத்தைப் பதிவு செய்து அனுப்பும் முறை அது. ஒரு படத்தைச் சில நூறு பேர்தான் கேட்பார்கள் என்றாலும் அதை விற்பனைக்கு வைக்கலாம் என்ற நிலையை இந்த முறைதான் உண்டாக்கியது. விளம்பரமும் அலங்காரமும் இல்லாத எளிய வெளியீடுகளாகவே அவை தொடங்கின. எனக்கு அது குறையாகப் படவில்லை.

காத்திருப்பின் காரணங்களைத் தெரிந்துகொள்ளத் தொடங்கியபோது, பெரும்பாலும் தடையாக இருப்பது அலட்சியம் அல்ல, உரிமைச் சிக்கல் என்பது புரிந்தது. எட்மண்ட் கோல்டிங் இயக்கி, ஜோன் ஃபான்டெய்னுக்கு ஆஸ்கர் பரிந்துரை பெற்றுத் தந்த 'தி கான்ஸ்டன்ட் நிம்ஃப்' 1943இல் வந்த படம். மூல நாவலை எழுதிய மார்கரெட் கென்னடியின் உயிலில் இருந்த நிபந்தனையாலும் பிற சட்டச் சிக்கல்களாலும் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அது பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை. 2011இல் சிக்கல் தீர்ந்து தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, அதே ஆண்டு டிவிடியாகவும் வந்தது. அதற்கு இசையமைத்த கோர்ன்கோல்டின் இசையைக் கேட்பதற்காகவே அந்த வட்டைப் பலமுறை ஓட்டியிருக்கிறேன். அந்த ஆண்டிலேயே கிளாரன்ஸ் பிரவுனின் 'நைட் ஃப்ளைட்' படமும் வெளிவந்தது. 1933இல் எடுக்கப்பட்ட அதுவும் மூலக்கதையின் உரிமைக் காலம் முடிந்துபோனதால் 1940களிலிருந்து முடங்கிக் கிடந்ததுதான்.

உரிமை கையில் இருந்தாலும் மூலப்பொருள் நல்ல நிலையில் இருக்க வேண்டும். 1950களின் தொடக்கம் வரை படங்கள் எளிதில் தீப்பற்றக்கூடிய, நாளடைவில் சிதைந்துபோகக்கூடிய நைட்ரேட் பிலிமில்தான் எடுக்கப்பட்டன. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் உள்ள ஜார்ஜ் ஈஸ்ட்மன் காப்பகத்தில் 1978இல் ஏற்பட்ட தீவிபத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட படங்களின் மூலச் சுருள்கள் எரிந்துபோயின. மூல நெகட்டிவ் அழிந்துவிட்ட ஒரு படத்துக்குப் பிற்காலப் பிரதியே கதி. அதிலிருந்து எடுக்கப்படும், டிவிடியைவிடத் தெளிவான ப்ளூ-ரே வட்டிலும் கூர்மை சற்றுக் குறைவாகவே இருக்கும். படம் மங்கலாக இருக்கிறது என்று வட்டைக் குறை கூறும் முன், எதிலிருந்து எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும் என்பதை நான் தாமதமாகவே கற்றுக்கொண்டேன். நல்ல மூலம் கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்கு, மைக்கேல் கர்டிஸ் 1932இல் எடுத்த 'டாக்டர் எக்ஸ்' எடுத்துக்காட்டு. சிவப்பும் பச்சையும் மட்டுமே கொண்ட அக்கால இருநிற டெக்னிகலரில் எடுக்கப்பட்ட அப்படத்தை யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் படக் காப்பகமும், பழைய படங்களைப் பாதுகாக்கும் ஃபிலிம் ஃபவுண்டேஷன் அமைப்பும் மீட்டெடுக்க, 2021இல் ப்ளூ-ரேயாக வந்தது. படத்தில் வரும் ஆய்வுக்கூடத்தின் பாசிப்பச்சை நிழல்களையும் முகங்களின் செம்பழுப்பையும் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே படத்துக்கெனத் தனியே எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளை வடிவத்தையும் அந்த வட்டிலேயே சேர்த்திருந்தது பெரிய மரியாதை.

நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிந்த குறைகளையும் சொல்ல வேண்டும். பதிவு செய்து அனுப்பப்படும் டிவிடி-ஆர் வட்டுகளின் அடிப்பக்கம் ஊதா நிறமாக இருக்கும். அந்தச் சாயப் பூச்சு வெப்பத்தாலும் வெளிச்சத்தாலும் மங்கக்கூடியது. என்னிடம் இருந்த அப்படிப்பட்ட வட்டு ஒன்று, ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு எந்தக் கருவியிலும் ஓடாமல் போயிற்று. அதைவிட என்னை வருத்தியது, அகன்ற சினிமாஸ்கோப் திரைக்காக எடுக்கப்பட்ட ஒரு படத்தின் இருபுறத்தையும் வெட்டிப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் அளவுக்குச் சுருக்கி வேறொரு நிறுவனம் விற்றதுதான். உரையாடும் இருவரில் ஒருவரின் மூக்கு மட்டுமே சட்டத்துக்குள் தெரியும் ஒரு படத்துக்குப் பணம் கொடுத்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

இந்தியாவிலிருந்து வாங்குவோர், ஒரு வட்டு எந்தப் பகுதிக் கருவிகளில் ஓடும் என்பதைக் காட்டும் பிராந்தியக் குறியீட்டைப் பார்த்தே வாங்க வேண்டும். அமெரிக்க ப்ளூ-ரே வட்டுகள் 'ஏ' பிராந்தியத்தைச் சேர்ந்தவை, நமது நாடு 'சி'. வார்னர் ஆர்கைவ் ப்ளூ-ரேக்கள் பொதுவாக எங்கும் ஓடுகின்றன. கிரைட்டீரியனின் அமெரிக்க வட்டுகளுக்கு எல்லாப் பிராந்தியங்களையும் ஏற்கும் கருவி வேண்டும். வாங்கத் தள்ளிப்போடுவதும் ஆபத்து. ஒரு படத்துக்குப் பெரும்பாலும் 3,000 பிரதிகள் மட்டுமே வெளியிட்டுவந்த ட்வைலைட் டைம் நிறுவனம் 2020இல் மூடப்பட்டபோது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் விட்டுவைத்த தலைப்புகள் சில எட்டாத விலைக்குப் போய்விட்டன.

நான் இன்னும் எதிர்பார்ப்பவற்றில் பெரும் பகுதி பாரமவுன்ட்டின் பழைய படங்களே. பேசும்படத்தின் தொடக்கம் முதல் 1940களின் இறுதி வரை அந்நிறுவனம் எடுத்த ஏறத்தாழ 700 படங்களை பின்னாளில் யூனிவர்சலுடன் இணைந்த எம்சிஏ நிறுவனம் 1958இல் வாங்கியதால், அவை இன்று யூனிவர்சலின் உடைமை. மெக்கேரியின் படமும் அந்தத் தொகுப்பில் உள்ளதுதான். அவற்றில் பலவற்றை அனுமதி பெற்று கினோ லோர்பர் என்ற வட்டு வெளியீட்டு நிறுவனம் அண்மை ஆண்டுகளில் தொடர்ந்து வெளியிட்டு வருவது எனக்குப் பெரும் நம்பிக்கை தருகிறது. மாதந்தோறும் அவர்களின் அறிவிப்புப் பட்டியலைத்தான் முதலில் திறக்கிறேன்.

எல்லாவற்றையும்விட நான் ஏங்குவது ஆட்டோ பிரெமிங்கரின் 'போர்கி அண்ட் பெஸ்' படத்துக்காக. சாமுவேல் கோல்ட்வின் கடைசியாகத் தயாரித்த, சிட்னி பாய்ட்டியரும் டோரதி டான்ட்ரிட்ஜும் நடித்த, 1959இல் வெளிவந்த இசைப்படம் அது. மூல இசைநாடகத்துக்காகக் கோல்ட்வினுக்குக் கிடைத்த உரிமை குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே என்பதால் பின்னர் பொதுத் திரையிடலே அரிதாகிவிட்டது. 2011இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அதைச் சேர்த்தபோது, வட்டு விரைவில் வந்துவிடும் என்று நினைத்தேன். டான்ட்ரிட்ஜை அகன்ற திரையின் முழு அளவில், சரியான வண்ணத்தில், ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். வெளியீட்டு நாள் அறிவிக்கப்பட்டால், அன்றே முன்பதிவு செய்வேன்.