14,500 ரூபாய் கொடுத்து அப்பா எடுத்த படங்களை அழித்துக்கொண்டேன்

நேற்று சாயங்காலம்தான் கடையிலிருந்து படங்கள் இருந்த கவர் கைக்கு வந்தது. ஆத்திரத்தில் முன்னே பின்னே எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஊட்டி இந்து நகர் ஃபிலிம் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். வீட்டுக் குளியலறையையே இருட்டறையாக்கி, ஃபேக்டரியின் 'இந்து' பிராண்ட் போட்டோ பேப்பரிலேயே பிரிண்ட் போடுவார். நெகட்டிவ் எல்லாம் 2009 நவம்பர் மண்சரிவில் பின்சுவரோடு போய்விட்டது. சித்தி வீட்டில் இருந்ததால் தப்பியவை 11 பிரிண்ட். எல்லாம் மஞ்சளடித்து, இரண்டில் பூஞ்சை.

கோவையில் பழைய படங்களைச் சரிசெய்து தரும் ஒரு கடை. கவுன்டரில் இருந்தவர் ஒரு படத்தின் வெள்ளை ஓரத்தில் பஞ்சால் ஏதோ ஒரு சொட்டு தொட்டு வைத்தார், மஞ்சள் கண்முன்னே போனது. "எங்க வீட்டுப் படம் மாதிரி பாத்துக்கறேன்க்கா" என்றார். அங்கேதான் விழுந்தேன். ஓரத்தில் படமே இல்லையே, அழிவதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை. 14,500 ரூபாய், மொத்தமும் அட்வான்ஸ்.

கேத்தி ஸ்டேஷனில் அம்மா சால்வை போர்த்தி நிற்கும் படத்தில் இப்போது கொண்டையும் சேலைக் கரையும்தான் இருக்கின்றன, முகம் வெறும் காகிதம். பூஞ்சை பிடித்த இரண்டும் பாலாடை போல உரிந்துவிட்டன.

இருட்டறை வேலை தெரிந்த மாமா ஒருவர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஃபெர்ரிசயனைடு என்ற மருந்தில் படத்தை வெளுக்க வைத்து மறுபடி டெவலப் செய்வது உள்ள வேலைதானாம். ஆனால் பேப்பரில் பழைய ஹைப்போ (பிரிண்ட் போடும்போது படத்தை நிலைக்கவைக்கும் மருந்து) மிச்சமிருந்தால் இரண்டும் சேர்ந்து படமாக இருக்கும் வெள்ளியையே கரைத்துவிடும், முதலில் போவது முகம், வானம் மாதிரி வெளிர் இடங்கள், அப்புறம் திரும்பி வராது. ஊட்டிக் குளிர்தண்ணீரில் ஹைப்போ லேசில் கழுவப்படாது, அப்பா எத்தனை நேரம் அலசினாரோ. படத்தைத் தாங்கி நிற்கும் ஜெலட்டின் படலம் பூஞ்சை அரித்திருந்தால் தண்ணீர் பட்டாலே கரையுமாம்.

போன் செய்தால் முதலில் "பழைய பேப்பர்க்கா, ஏற்கெனவே கெட்டது", அப்புறம் "ஓனர் வெளியூர்", கடைசியில் "கம்ப்யூட்டர்ல முகம் வெச்சுத் தரலாம், 3,000 ஆகும்". யார் முகத்தை வைப்பான்? 14,500 பற்றிப் பேச்சே இல்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. முதலில் ஸ்கேன் எடுங்கள், நான் எடுக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். எந்தத் திரவத்திலும் முக்க விடாதீர்கள். என்ன மருந்து போடுவார்கள் என்று எழுதி வாங்குங்கள், என் பில்லில் "போட்டோ ஒர்க் 14,500" என்று ஒரே வரிதான் இருக்கிறது.