ஈவ் ஆன்லைன் ஸ்கேனர்: தேடச் சொல்லும், காட்டித் தராது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஈவ் ஆன்லைனை முழுதாக விமர்சனம் செய்ய நான் உட்காரவில்லை. 2003 மே மாதத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிற கேம் அது, ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் இருக்கும் சிசிபி உருவாக்கியது. ஏழாயிரத்துச் சொச்சம் நட்சத்திர மண்டலங்கள், சீனாவுக்கு மட்டும் தனி சர்வர், மற்ற எல்லாரும் ஒரே பிரபஞ்சத்தில். அதன் சந்தை, கூட்டணி அரசியல், ஆயிரக்கணக்கானோர் மோதும் சண்டை என்று ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது. எனக்குப் பேச வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: கப்பலில் இருக்கிற ஸ்கேனர். விண்வெளி கேம்களில் இதைவிட அசிங்கமாக இருக்கிற ஸ்கேனரை நான் பார்த்ததில்லை, இதைவிட நல்ல ஸ்கேனரையும் பார்த்ததில்லை.

உள்ளே இரண்டு கருவிகள் இருக்கின்றன, புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். ஒன்று டைரக்ஷனல் ஸ்கேனர், எல்லாரும் டி-ஸ்கேன் என்பார்கள். எல்லாக் கப்பலிலும் இருக்கும், தனியாக எதுவும் வாங்கிப் பொருத்த வேண்டாம், V பட்டனைத் தட்டினால் வேலை செய்யும். இன்னொன்று ப்ரோப் ஸ்கேனர். அதற்குக் கப்பலில் ஒரு லாஞ்சர் மாட்டி, ப்ரோப் எனப்படும் சின்னத் தேடு கருவிகளை வெளியே விட்டு, மேப்பில் அவற்றை நகர்த்தி நகர்த்தி ஒளிந்திருக்கிற இடங்களைப் பிடிக்க வேண்டும். முதலாவது காது, இரண்டாவது கை என்று வைத்துக்கொள்ளலாம். கேமை விற்கிற படங்களில் ப்ரோப் ஸ்கேனர்தான் அழகாகத் தெரியும், நீல நீலமாக உருண்டைகள் மிதக்கும். ஆனால் உயிரைக் காப்பாற்றுவது என்னவோ அந்த டி-ஸ்கேன்தான்.

அதில் வருவது என்ன தெரியுமா? ஒரு பட்டியல். அவ்வளவுதான். சுற்றும் ரேடார் இல்லை, மினுக்கும் சிவப்புப் புள்ளி இல்லை, மூன்று பத்தியில் பெயர், வகை, தூரம். அதிலும் தூரம் என்கிற பத்தியில் பெரும்பாலும் ஒரு கோடுதான் இருக்கும், பொருள் உங்கள் பக்கத்திலேயே இருந்தால்தான் எண் வரும். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் ஒரு கப்பல் இருக்கிறது என்று மட்டும் சொல்லும், எங்கே என்று சொல்லாது. அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். தூரத்தைக் குறைத்துக் குறைத்துத் தட்டிப் பார்க்கலாம், எந்த அளவில் அது பட்டியலிலிருந்து காணாமல் போகிறதோ அதுதான் தூரம். கோணத்தை 360 டிகிரியிலிருந்து 60, 30, 15, கடைசியில் 5 டிகிரி வரைக்கும் சுருக்கி, கேமராவை ஒவ்வொரு கிரகத்தின் பக்கமாகவும் திருப்பித் தட்டிப் பார்க்கலாம், எந்தப் பக்கம் திரும்பும்போது அது பட்டியலில் நிற்கிறதோ அதுதான் திசை. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் ஒன்றிரண்டு விநாடி காத்திருக்க வேண்டும். தேர்ந்தவர்கள் இதையெல்லாம் அரை நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள், பார்க்கவே பொறாமையாக இருக்கும்.

அதிகபட்ச எல்லை 14.3 ஏயூ. ஒரு ஏயூ என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம், சுமாராக 15 கோடி கிலோமீட்டர். அதென்ன 14.3 என்று ஒரு விசித்திரமான எண் என்று தோன்றும். இன்னும் துல்லியமாக 14.355 என்று எடுத்து கிலோமீட்டரில் எழுதிப் பாருங்கள், 2,147,483,647-ஐ ஒட்டி வரும். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய முகம், 32 பிட்டில் ஒரு முழு எண் எட்டக்கூடிய உச்சம். பழைய புரோகிராம் போட்ட வரம்பு இன்றைக்கு கேமின் இயற்பியல் விதியாகவே ஆகிவிட்டது. 14.3-க்கு வெளியே இருக்கிறவனை உங்களுக்குத் தெரியாது, உங்களை அவனுக்கும் தெரியாது. பெரிய மண்டலங்களில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை டி-ஸ்கேனுக்கு எட்டாது, அந்த எட்டாத பகுதியில்தான் வேட்டைக்காரர்கள் ப்ரோப்களை நிறுத்தி வைத்திருப்பார்கள்.

பட்டியலைப் படிக்கப் பழகிய பிறகுதான் இதன் ருசி தெரியும். கல்யாண வீட்டு வாசலில் கிடக்கிற செருப்புகளைப் பார்த்தே உள்ளே யார் யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிற பெரியம்மாக்கள் இருப்பார்களே, அந்தத் திறமை. பெயர் என்கிற பத்தியில் இருப்பது கப்பலுக்கு அதன் உரிமையாளர் வைத்த பெயர். எதுவும் வைக்காமல் விட்டால் கேமே 'இன்னாருடைய ஹெரான்' என்று கப்பல் வகையோடு அவருடைய பெயரைச் சேர்த்துப் போட்டுவிடும். அதை அப்படியே விட்டிருக்கிறவர் அநேகமாகப் புதியவர், வேட்டைக்காரனுக்கு அது போதும், பெயரைத் தேடி அவர் கேமுக்கு வந்து எவ்வளவு நாளாயிற்று என்றுகூடப் பார்த்துவிடலாம். வெறும் புள்ளியாகப் பெயர் வைத்திருக்கிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஸ்லீப்பர் என்கிற, கேமே இயக்குகிற எதிரிகளுடைய கப்பல்களின் சிதைவுகள் வரிசையாக வந்து, கூடவே நோக்டிஸ் என்று ஒரு கப்பல் தெரிந்தால், யாரோ சண்டையை முடித்துவிட்டு மிச்சத்தைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். நல்செக்கில், அதாவது காவல் இல்லாத பகுதியில், திடீரென்று சேபர் என்று ஒரு வரி வந்தால் யோசிக்கவே கூடாது, அது யாரும் வார்ப் ஆக, அதாவது அதிவேகத்தில் பாய்ந்து வேறிடம் போக, முடியாதபடி குமிழி போடுகிற கப்பல், அது வந்துவிட்டால் பின்னாலேயே கூட்டமும் வருகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு வரி இருக்கிறது: காம்பாட் ஸ்கேனர் ப்ரோப். ப்ரோப்களும் டி-ஸ்கேனில் தெரியும், அதுதான் இந்த வடிவமைப்பின் மூளை. கோர் ப்ரோப் என்று வந்தால் யாரோ உங்களைப் போலவே இடம் தேடுகிறார், விட்டுவிடலாம். அதால் கப்பல்களைப் பிடிக்க முடியாது. காம்பாட் என்று வந்தால் யாரோ கப்பலைத் தேடுகிறார், அந்த மண்டலத்தில் இருக்கிற கப்பல் நீங்கள் மட்டும்தான் என்றால் தேடுவது யாரை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? தேடுகிறவனுக்கும் இது தெரியும். அதனால் அவன் முதலில் ப்ரோப்களை எல்லைக்கு வெளியே விட்டுவிட்டு, தானும் மறைந்திருந்து, மேலே சொன்ன மாதிரி 5 டிகிரி வைத்து உங்கள் இடத்தைக் கையாலேயே கணக்குப் போடுவான். கணக்கு முடிந்ததும் எல்லா ப்ரோப்களையும் ஒரே தடவையில் உங்கள் தலைமேல் கொண்டுவந்து ஒரே ஸ்கேனில் 100 சதவீதத் துல்லியம் எடுத்து வார்ப் ஆகிவிடுவான். உங்கள் பட்டியலில் ப்ரோப்கள் தெரிவது சில விநாடிதான். இடைவிடாமல் தட்டிக்கொண்டிருந்தால் பார்ப்பீர்கள், இல்லையென்றால் இல்லை.

இந்த ஆட்டம் முழுமையாக விளங்குவது வார்ம்ஹோல்களுக்குள், அதாவது தற்காலிகத் துளைகள் வழியாக நுழைகிற மண்டலங்களில். 2009 மார்ச்சில் அபோகிரிஃபா என்கிற விரிவாக்கத்தோடு வந்த பகுதி, 2,500 மண்டலங்கள் இருக்கும். மற்ற பெரும்பாலான இடங்களில் லோக்கல் சாட்டில் மண்டலத்துக்குள் யார் நுழைந்தாலும் பெயர் வந்துவிடும். இங்கே வராது, அவரே வாய் திறந்து பேசினால்தான் உண்டு. அப்படியானால் டி-ஸ்கேனை விட்டால் வேறு கண் கிடையாது. அந்தக் கண்ணிலும் புரை இருக்கிறது. மறைந்து பறக்கிற கப்பல்கள் தெரியாது, காம்பாட் ரீகான் என்கிற வகைக் கப்பல்கள் மறைந்திராமலே 2015 முதல் டி-ஸ்கேனுக்குத் தெரிவதில்லை. அதனால் ப்ரோப் ஸ்கேனர் விண்டோவையும் திறந்தே வைத்திருப்பார்கள், அதில் புதிதாக ஒரு சிக்னேச்சர், அதாவது ஒளிந்திருக்கிற இடத்தின் தடயம், முளைத்தால் புதிய வார்ம்ஹோல் ஒன்று திறந்திருக்கலாம், அதாவது யாரோ உள்ளே வர ஒரு கதவு. இரண்டு கருவிகளும் சேர்ந்து வேலை செய்கிற இடம் இதுதான்.

சரி, ப்ரோப் ஸ்கேனர். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் கற்றுக்கொள்ளும் வரைதான் இது சுவாரசியம். எட்டு ப்ரோப்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு உருண்டை. கோர் ப்ரோப் என்றால் உருண்டையின் அளவு 32 ஏயூவில் தொடங்கி பாதி பாதியாக 0.25 வரைக்கும் இறங்கும். சிக்னேச்சரை நடுவில் வைத்து ஸ்கேன் அடிக்க, மையத்தைத் திருத்த, உருண்டையைச் சுருக்க, மறுபடி அடிக்க. 25 சதவீதம் தாண்டினால் அது ஹேக் பண்ணித் திறக்கிற டேட்டா தளமா, பழம்பொருள் கிடைக்கிற ரெலிக் தளமா, வாயுவா, வார்ம்ஹோலா என்று தெரியும், 75 தாண்டினால் பெயரும் தெரியும், 100 வந்தால் அங்கே வார்ப் ஆகலாம். அந்த 75-க்கு மேல் வருகிற பெயரைக் கவனிப்பது முக்கியம். ரூயின்ட் என்று தொடங்கினால் நல்செக் தரத்து ரெலிக், காவலுக்கு யாரும் இருக்க மாட்டார்கள், போய்த் திறந்துகொள்ளலாம். ஃபர்காட்டன் அல்லது அன்செக்யூர்ட் என்று தொடங்கினால் ஸ்லீப்பர்கள் இருப்பார்கள், சின்னக் கப்பலை ஊதித் தள்ளிவிடுவார்கள். இவ்வளவு முக்கியமான தகவலைக் கேம் எங்கேயும் எடுத்துச் சொல்வதில்லை, பெயரின் முதல் வார்த்தையில் புதைத்துவிட்டு அதன்பாட்டுக்கு இருக்கிறது.

குறை சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்தாயிற்று. எழுத்து ரொம்பச் சின்னது, லேப்டாப் திரையில் ஒரே மாதிரியான வரிகளை மணிக்கணக்காக வெறித்துப் பார்ப்பது கண்ணுக்கு நல்லதில்லை. பட்டியலை முதன்முதலாகத் திறக்கும்போது கிரகம், நிலா, இன்னும் கண்ட கண்டதெல்லாம் வந்து நிறைந்துவிடும், தேவையானதை மட்டும் காட்டும்படி ஓவர்வியூ செட்டிங்கில் வடிகட்டி வைக்கத் தெரிந்திருக்க வேண்டும், அந்த செட்டிங் இருக்கிற லட்சணம் இன்னொரு விமர்சனத்துக்கு ஆகும். கற்றுத்தருகிற பகுதி ப்ரோப் விஷயத்தில் பரவாயில்லை, டி-ஸ்கேனைப் பொறுத்தவரை பட்டன் எங்கே இருக்கிறது என்பதோடு நின்றுவிடுகிறது. கோணத்தை ஏன் சுருக்க வேண்டும் என்பதை யாராவது ஆட்டக்காரர் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அப்புறம் அந்த V. ஒரு ரெலிக்கை ஹேக் பண்ணும்போது ஒரு கண் மினிகேமில், ஒரு விரல் V-யில் என்று இருக்க வேண்டும், பயத்துக்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள் என்பது புரிகிறது, ஆனாலும் விரலுக்கு அது புரிவதில்லை.

தானாகவே தட்டுகிற மாதிரி ஒரு வசதி வைத்தால் என்ன என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கவனமாக இருக்கிறவன் தப்பிக்கிறான், அசந்தவன் மாட்டுகிறான் என்பதற்கு இந்த கேமில் இருக்கிற ஒரே நேர்மையான அளவுகோல் அந்தத் தட்டுதான். அதை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் விளையாட ஒன்றும் மிஞ்சாது. எலைட் டேஞ்சரஸ் என்கிற இன்னொரு விண்வெளி கேமில் 2018 டிசம்பரில் வந்த ஸ்கேனரைப் பாருங்கள், வேகத்தைக் குறைத்துவிட்டு ரேடியோ ட்யூன் பண்ணுகிற மாதிரி அலைவரிசையைத் திருப்பி ஒவ்வொரு கிரகமாகக் கண்டுபிடிக்கலாம், பார்க்க எவ்வளவோ அழகு, சத்தமும் இனிமை. ஆனால் அங்கே நீங்கள் தேடுவது கிரகங்களை, அவை எங்கேயும் ஓடப்போவதில்லை, திரும்ப உங்களைத் தேடப்போவதும் இல்லை. கொஞ்ச நாளில் அது கை வேலையாக ஆகிவிடும். ஈவில் பட்டியலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் உட்கார்ந்து இதே பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அந்த நினைப்பு வந்துவிட்டால் வெறும் எழுத்துகூட நெஞ்சை அடைக்கும்.

யாருக்கு இது சரிப்படும்? ஆபீஸிலிருந்து வந்து மூளையை அணைத்துவிட்டு ஏதாவது சுட வேண்டும் என்கிறவர்களுக்குச் சரிப்படாது, தனியாக உட்கார்ந்து கவனத்தோடு எதையாவது துருவுவது பிடிக்கும் என்கிறவர்களுக்கு இதைப் போல இன்னொன்று கிடைக்காது. பார்த்துவிட்டு முடிவு செய்ய காசு வேண்டாம், 2016 நவம்பரிலிருந்து ஆல்ஃபா என்கிற இலவசக் கணக்கிலேயே ஸ்கேன் பண்ணலாம். ஹெரான், இமிகஸ், மேக்னேட், ப்ரோப் (இதே பெயரில் ஒரு கப்பலும் உண்டு), இந்த நான்கு கப்பல்களில் கேமில் உங்கள் பாத்திரத்தின் இனத்துக்குரியதை எடுங்கள், நான்குமே மலிவு, போனால் போகிறது என்று விடலாம். ஆஸ்ட்ரோமெட்ரிக்ஸ் திறனை முதலில் ஏற்றுங்கள், பிறகு ரேஞ்ச்ஃபைண்டிங், கையில் கொஞ்சம் ஐஎஸ்கே, அதாவது கேமின் பணம், சேர்ந்ததும் சிஸ்டர்ஸ் என்கிற அமைப்பின் லாஞ்சரும் அவர்களுடைய ப்ரோப்களும் வாங்கிவிடுங்கள், வித்தியாசம் முதல் ஸ்கேனிலேயே தெரியும். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ விளையாடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும், சர்வர் தினமும் நமது நேரம் மாலை 4:30-க்கு நிறுத்தப்பட்டு மறுபடி தொடங்கும், லூட்டோடு ஆழத்தில் இருந்தால் அதற்கு முன்னாலேயே பத்திரமான இடத்துக்கு வந்துவிடுங்கள்.